பீரில் குளிக்கும் சாசேஜ்! எதை ஊற்றினால் ருசி? எதை ஊற்றினால் கசப்பு?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கோடை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கரி அடுப்பு பற்றிக்கொள்ளும். மே மாதம் கடைசி திங்கட்கிழமை வரும் நினைவு தினத்தில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினம் வரை கொல்லைப்புறம் எல்லாம் ஒரே புகைதான். கம்பி வலை மேல் சாசேஜ் வேகும். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் பீர் சூடாகிக்கொண்டு இருக்கும். அந்த பீர் குடிப்பதற்கு அல்ல. சாசேஜை வேக வைப்பதற்கு!

பீரில் கறியை வேக வைப்பதா என்று நம்ம ஊரில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் விஸ்கான்சினில் இது வாராவாரம் நடக்கிற சமையல். எந்த பீரை ஊற்றுவது என்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டையே வரும். விலை உயர்ந்த பீரை ஊற்றினால் ருசி கூடும் என்று நினைத்து ஊற்றிவிட்டு, கசக்கிறது என்று மொத்தத்தையும் குப்பையில் கொட்டியவர்கள் அங்கே ஏராளம்.

கசப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'கொதித்தால் சரக்கு எல்லாம் ஆவியாகிவிடும், குழந்தைக்கும் கொடுக்கலாம்' என்று ஒரு பேச்சு உலகம் பூராவும் இருக்கிறது. இந்த பேச்சு உண்மை இல்லை. சாசேஜுக்கு எந்த பீர் சரி, அதை எப்படி ஊற்றுவது, யார் அந்தப் பக்கமே போகக்கூடாது என்ற விவரங்கள் வருமாறு:-

ஜெர்மனியில் இருந்து வந்த சரக்கு

விஸ்கான்சின்காரர்கள் சுடும் சாசேஜுக்கு 'பிராட்வர்ஸ்ட்' என்று பெயர். செல்லமாக 'பிராட்'. பன்றிக் கறியைக் கொத்தி, உப்பு, மிளகு, ஜாதிக்காய் மாதிரி மசாலா சேர்த்து, பன்றிக் குடலைக் கழுவி அதற்குள் திணித்துக் கட்டுவார்கள். சில கடைகளில் மாட்டுக்கறி, கன்றுக்கறியும் கலப்பது உண்டு. ஒன்று சுமார் 100 கிராம் எடை இருக்கும். நீளம் ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவு.

இதன் பூர்வீகம் ஜெர்மனி. அங்குள்ள துரிங்கியா பகுதியில் ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரில், 1404-ம் ஆண்டின் கணக்கு ஏட்டிலேயே பிராட்வர்ஸ்டுக்குக் குடல் வாங்கிய செலவு எழுதி இருக்கிறது. 600 வருஷத்துக்கும் மேலாக அந்த மக்கள் இதைத் தின்று வருகிறார்கள்.

விஸ்கான்சின் 1848-ல் தனி மாநிலம் ஆனது. அந்த காலகட்டத்தில் ஜெர்மனியில் இருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. சாசேஜ் கட்டும் கைத்தொழிலையும், பீர் காய்ச்சும் வித்தையையும் கூடவே கொண்டு வந்தார்கள். மில்வாக்கி நகரில் பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், பிளாட்ஸ் என்று பீர் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1855-ல் பிரெடெரிக் மில்லர் என்ற ஜெர்மன்காரர் தொடங்கியதுதான் மில்லர் கம்பெனி. அந்த ஊரின் பேஸ்பால் அணிக்குப் பெயரே 'புரூவர்ஸ்'. அதாவது பீர் காய்ச்சுபவர்கள். அந்த அணியின் சொந்த மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே சாசேஜ் வேஷம் போட்டவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஊரில் பீரும் மலிவு, சாசேஜும் மலிவு. இரண்டும் ஒரே பாத்திரத்தில் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஊற்றலாமா, கூடாதா?

மில்வாக்கிக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தூரத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் ஷெபாய்கன் என்று ஒரு ஊர். 'உலகத்தின் பிராட்வர்ஸ்ட் தலைநகரம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். அந்த ஊரின் நூற்றாண்டு வந்த 1953-ல் முதல் முறையாக பிராட்வர்ஸ்ட் திருவிழா நடத்தினார்கள். ஒகையோ மாநிலத்தின் புசைரஸ் என்ற ஊர் 'தலைநகரம் நாங்கள்தான்' என்று போட்டிக்கு வர, விவகாரம் நீதிபதி வரைக்கும் போய் 1970-ல் ஷெபாய்கன் பக்கம் தீர்ப்பு ஆனது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தலைநகரத்துக்காரர்களில் பலருக்கு பீரில் வேக வைப்பது பிடிக்காது. "நல்ல சாசேஜை எதற்குத் தண்ணீரில் முக்குவது? கரி நெருப்பில் நிதானமாகச் சுட்டால் போதும்" என்பது அவர்கள் கட்சி. பச்சை சாசேஜை நேராக நெருப்பில் போட்டு, அடிக்கடி திருப்பிச் சுட்டு, கெட்டியான ரொட்டிக்குள் இரண்டு இரண்டாக வைத்துச் சாப்பிடுவார்கள்.

மாநிலத்தின் மற்ற ஊர்களில் கதை வேறு. முதலில் பீரில் வேக வைத்து, பிறகு நெருப்பில் காட்டுவார்கள். இன்னும் சிலர் முதலில் சுட்டுவிட்டு, பிறகு வெங்காயமும் வெண்ணெயும் போட்ட சூடான பீரில் ஊற விடுவார்கள். விருந்தாளிகள் ஒவ்வொருவராக வரும்போது சாசேஜ் ஆறாமலும் காயாமலும் இருக்க இது நல்ல வழி.

மூன்றுமே சரிதான். ஆனால் அனுபவம் இல்லாதவர்கள் பச்சை சாசேஜை நேராக நெருப்பில் போட்டால் வெளியே கருகும், உள்ளே வேகாது. கொழுப்பு சொட்டி நெருப்பு குப்பென்று எழும். அதனால் வீட்டில் புதிதாகச் செய்கிறவர்களுக்கு பீரில் வேக வைத்துச் சுடுவதே சுலபம்.

பீர் என்னதான் செய்கிறது?

பீர் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். சாதாரண பீரில் 100-க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் சுமார் 5 சதவீதம் ஆல்கஹால். பார்லியை முளைகட்டி வறுத்த மால்ட்டின் இனிப்பும், ஹாப்ஸ் என்ற கொடியின் பூவில் இருந்து வரும் கசப்பும் கொஞ்சம் கொஞ்சம். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-லேயே பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் இந்த மூன்றைத் தவிர பீரில் வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

சாசேஜை பீரில் போட்டால் முதல் வேலை, உள்ளே உள்ள கறி நிதானமாக வேகிறது. இரண்டாவது, மால்ட்டின் இனிப்பு சாசேஜின் தோல் மேல் ஒட்டுகிறது. பிறகு நெருப்பில் காட்டும்போது அந்த இனிப்பு சிவந்து நல்ல நிறமும் மணமும் தருகிறது. மூன்றாவது, கூடவே போட்ட வெங்காயம் பீரையும் கறிச்சாற்றையும் உறிஞ்சிக்கொண்டு அல்வா மாதிரி குழைந்துவிடுகிறது.

இங்கே ஒரு ரகசியம். பீரின் ருசி சாசேஜின் தோலைத் தாண்டி உள்ளே போவது ரொம்பக் கொஞ்சம். 20 நிமிஷத்தில் அதற்கு மேல் போகவும் முடியாது. ருசியில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் வெங்காயம்தான். இது தெரிந்தால், வேக வைப்பதற்காக யாரும் விலை உயர்ந்த பாட்டிலை உடைக்க மாட்டார்கள்.

கசப்புதான் வில்லன்

பீர் தேர்வில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் விலையும் இல்லை, பிராண்டும் இல்லை. கசப்பு.

பீரின் கசப்பை அளக்க 'ஐ.பி.யு.' என்று ஒரு கணக்கு வைத்து இருக்கிறார்கள். எண் கூடினால் கசப்பும் கூடும். வெளிநாட்டு சிறு ஆலைகள் பலவும் இதை கேன் மேலேயே அச்சடித்து விடுகின்றன.

பீரைக் கொதிக்க விட்டால் தண்ணீர் ஆவியாகிப் போகும். ஆல்கஹாலில் ஒரு பங்கு போகும். ஹாப்ஸின் நல்ல வாசம் இருக்கிறதே, அதுவும் சீக்கிரம் பறந்துவிடும். ஆனால் கசப்பு மட்டும் எங்கேயும் போகாது. பாத்திரத்தின் அடியில் அப்படியே உட்கார்ந்து இருக்கும்.

சாதாரணக் கணக்குதான். கசப்பு 60 உள்ள பீர் பாதியாகச் சுண்டினால், மிச்சம் இருப்பதில் கசப்பு இரண்டு மடங்கு ஆகிவிடும். ரசத்தில் உப்பு சரியாகப் போட்டுவிட்டு, அதையே பாதியாகச் சுண்ட விட்டால் உப்புக் கரிக்கும் இல்லையா? அதே கதை.

வாசத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் பீரில், அடுப்பில் ஏறியதும் வாசம் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சுகிறது. காசும் போச்சு, கறியும் போச்சு!

எந்த பீர் எப்படி?

லேசான லாகர்: விஸ்கான்சினில் பலர் ஊற்றுவது இதுதான். தங்க நிறம், லேசான ருசி. கசப்பு 8 முதல் 18 வரைதான். எவ்வளவு சுண்டினாலும் கெடுக்காது. விலையும் குறைவு. முதல் முறை செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

ஆம்பர் லாகர், மார்சன்: செம்பு நிறத்தில் இருக்கும். மியூனிக் நகரின் அக்டோபர் திருவிழாவோடு சேர்த்துப் பேசப்படுவது மார்சன். மால்ட் ருசி தூக்கலாக, ரொட்டி மேல்தோல் மாதிரி ஒரு மணம் இருக்கும். கசப்பு 18 முதல் 30-க்குள். பன்றிக் கறிக்கும் வெங்காயத்துக்கும் இதைவிடப் பொருத்தம் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. லாகருக்கு அடுத்தபடி தைரியமாக எடுக்கலாம்.

கோதுமை பீர்: கலங்கலாக இருக்கும். இதில் போடும் ஈஸ்ட்டால் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும். கசப்பு 8 முதல் 15 வரை. கோழி சாசேஜ், வெள்ளை சாசேஜ் போன்ற லேசான சரக்குக்கு ஏற்றது. மியூனிக்கில் வெள்ளை சாசேஜை வெந்நீரில்தான் சூடு பண்ணுவார்கள். கோதுமை பீர் பக்கத்தில் டம்ளரில் இருக்கும்.

பில்ஸ்னர்: பார்க்க லாகர் மாதிரியே இருக்கும். ஆனால் ஜெர்மன் பில்ஸ்னரில் கசப்பு 22 முதல் 40 வரை போகும். நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஊற்றினால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றுவது நல்லது.

பிரவுன் ஏல்: பழுப்பு நிறம். கருக்கிய சர்க்கரை, பருப்பு வறுத்த மாதிரி மணம். கசப்பு 20 முதல் 30. காரமான சாசேஜுக்குப் பொருந்தும். ரொம்பச் சுண்ட விடக்கூடாது.

ஸ்டவுட்: கருப்பு பீர். வறுத்த பார்லியின் காபிக்கொட்டை ருசி. கசப்பு 25 முதல் 45. வறுத்ததால் வரும் கசப்பும் இதில் சேரும். நிறைய வெங்காயம் போட்டு, கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துக் குழம்பு மாதிரி செய்தால் நன்றாக வரும். சாதாரணமாக வேக வைத்துச் சுடுவதற்குத் தேவை இல்லை.

ஐ.பி.ஏ.: வெளிநாடுகளில் வாலிபர்கள் விரும்பிக் குடிக்கும் ரகம். கசப்பு 40-ல் தொடங்கி 70 வரை. 'டபுள் ஐ.பி.ஏ.' என்றால் 100 வரை கூட எகிறும். சாசேஜ் பாத்திரத்துக்கு இதுதான் முதல் எதிரி. வேண்டவே வேண்டாம்.

புளிப்பு பீர், பழ பீர்: ஒன்று வாய் கூசும், இன்னொன்று ஜாம் மாதிரி இனிக்கும். சாசேஜுக்கு ஒத்து வராது.

சுருக்கமாகச் சொன்னால், கசப்பு 25-க்குள் இருந்தால் எடு, 40-ஐத் தாண்டினால் விடு.

பாட்டில் நிறத்தையும் பார்க்கணும்

ஹாப்ஸின் கசப்புப் பொருளுக்கு வெயில் ஆகாது. வெளிச்சம் பட்டால் அது உடைந்து, ஒருவித நாற்றம் கிளம்பும். வெள்ளைக்காரர்கள் அதை, நாற்றம் பீய்ச்சும் 'ஸ்கங்க்' என்ற பிராணியோடு ஒப்பிடுவார்கள். அந்த அளவுக்கு மூக்கைத் துளைக்கும்.

பழுப்பு பாட்டிலும் கேனும் வெளிச்சத்தைத் தடுக்கும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் அவ்வளவாகத் தடுக்காது. வெள்ளை பாட்டிலில் அடைக்கும் சில கம்பெனிகள், வெளிச்சத்துக்குக் கெடாத மாதிரி பக்குவம் செய்த ஹாப்ஸ் சாற்றைப் போடுகின்றன. மில்லர் கம்பெனி அதில் ஒன்று. மற்றபடி, ஜன்னல் ஓரம் வெயிலில் நின்ற பாட்டிலை எடுக்காமல் இருப்பது உத்தமம்.

நேற்று திறந்து கேஸ் போன பீர் இருக்கிறதா? தாராளமாக ஊற்றலாம். அடுப்பில் எப்படியும் கேஸ் போகத்தான் போகிறது. ஆனால் மாதக்கணக்கில் கிடந்து, ஈரமான அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும் பீரை ஊற்றினால் அந்த வாசம் வெங்காயத்தில் ஏறிவிடும். ஊற்றும் முன் மோந்து பார்ப்பது ஒரு நொடி வேலை.

செய்வது எப்படி?

5 அல்லது 6 பச்சை சாசேஜுக்கு, 355 மி.லி. கேன் இரண்டு. பெரிய வெங்காயம் இரண்டு, நீளவாக்கில் நறுக்கியது. வெண்ணெய் 2 மேஜைக் கரண்டி. நாலைந்து மிளகு. இவ்வளவுதான். உப்பு வேண்டாம், சாசேஜிலேயே இருக்கிறது.

அகலமான பாத்திரத்தில் வெண்ணெயைப் போட்டு வெங்காயத்தை வதக்கவும். பிறகு பீரை ஓரமாக, நிதானமாக ஊற்றவும். மொத்தமாகக் கவிழ்த்தால் நுரை பொங்கி அடுப்பு அணையும். சாசேஜை அடுக்கி, பீர் அதை மூடுகிற அளவுக்கு இல்லாவிட்டால் தண்ணீர் சேர்க்கவும்.

இதற்குப் பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் தோல் வெடித்து, கொழுப்பும் சாறும் பீரில் கரைந்து, சாசேஜ் சக்கையாகிவிடும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி எழும் சூடு போதும். 15 முதல் 20 நிமிஷம். முள்கரண்டியால் குத்தவும் கூடாது. குத்தினால் சாறு எல்லாம் வெளியே ஓடிவிடும்.

வெந்த சாசேஜ் வெளுத்துப் போய், பார்க்க நன்றாக இருக்காது. தண்ணீரில் வேகும் எதுவும் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. சிவந்து மணம் வருவதற்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். அதனால் எடுத்தவுடன் மிதமான நெருப்பில் கம்பி வலை மேல் 5 முதல் 8 நிமிஷம் திருப்பித் திருப்பிச் சுடவும். கரி அடுப்பு இல்லாத வீட்டில் இரும்பு தோசைக்கல் போதும்.

வெங்காயத்தை அதே பீரில் சுண்ட விட்டு எடுத்து, ரொட்டிக்குள் சாசேஜ் மேல் பரப்பி, கடுகு சாந்து தடவினால் விஸ்கான்சின் பிராட் தயார்.

71 டிகிரி கணக்கு

பச்சைப் பன்றிக் கறியில் நோய்க் கிருமிகள் இருக்கலாம். பீர் ஊற்றியதால் கிருமி செத்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 5 சதவீத ஆல்கஹாலுக்கு அந்த சக்தி கிடையாது. கொல்வது சூடு மட்டுமே.

பன்றி, மாடு, ஆட்டுக்கறி சாசேஜின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியசை எட்ட வேண்டும், கோழி, வான்கோழி சாசேஜ் என்றால் 74 டிகிரி என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. அங்கே பல வீடுகளில் கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி இருக்கிறது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது சரி வராது. உள்ளே வெளுத்து இருந்தாலும் வேகாமல் இருக்கலாம்.

இன்னொரு தவறு, காலையில் பாதி வேக வைத்து எடுத்து வைத்துவிட்டு, சாயங்காலம் விருந்தாளி வந்ததும் சுடுவது. பாதி வெந்த கறி கிருமிக்குப் பட்டு மெத்தை. பீரில் இருந்து எடுத்தால் நேராக நெருப்புக்குப் போக வேண்டும். சுட்டதை பீரில் ஊற வைத்துப் பரிமாறினால் அந்த பீர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஆறிப்போய் 2 மணி நேரம் கிடந்த கறியைத் தூக்கிப் போடுவதே நல்லது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான் கெடு.

கடையில் உறை பனியில் விற்கும் சாசேஜ்களில் ஏற்கனவே வேக வைத்ததும் உண்டு, பச்சையும் உண்டு. பாக்கெட்டைப் படித்துவிட்டு அடுப்பில் ஏற்றுவது நல்லது.

சரக்கு ஆவியாகிவிடுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும், அதனால் முதலில் ஆல்கஹால் எல்லாம் போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். கேட்க சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது அது இல்லை.

தண்ணீரோடு கலந்த ஆல்கஹால் அவ்வளவு சுலபமாகப் பிரிந்து ஓடாது. 1992-ல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பல பதார்த்தங்களை மது ஊற்றிச் சமைத்து அளந்து பார்த்தார்கள். சமைத்து முடித்த பிறகும் சிலவற்றில் 4 சதவீதமும், சிலவற்றில் 85 சதவீதம் வரையும் ஆல்கஹால் மிச்சம் இருந்தது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் பட்டியல்படி, மதுவைக் கலந்து அடுப்பில் 15 நிமிஷம் வைத்தால் 40 சதவீதம் மிஞ்சும். அரை மணி நேரம் வைத்தால் 35 சதவீதம். 1 மணி நேரம் வைத்தாலும் 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் வைத்தால் கூட 5 சதவீதம் இருக்கும்.

2 கேன் பீரில் சுமார் 35 மி.லி. ஆல்கஹால் இருக்கிறது. 15 நிமிஷத்துக்குப் பிறகு அதில் சுமார் 14 மி.லி. பாத்திரத்திலேயே இருக்கும். இதில் பெரும்பகுதி பீரோடு இருப்பதால், சாசேஜை மட்டும் எடுத்துச் சுட்டுச் சாப்பிடுகிறவர் உடம்புக்குப் போவது கொஞ்சம்தான். போதை ஏறாது. ஆனால் அந்த வெங்காயத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு, மிச்ச பீரைக் குழம்பாக ஊற்றிக்கொண்டால் அளவு கூடும். பாத்திரத்தை மூடி வைத்தால் ஆவி போக வழி இல்லாமல் இன்னும் அதிகம் தங்கும். அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்தால் குறையும்.

கொஞ்சம்தானே என்று எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது.

யார் யார் உஷாராக இருக்கணும்?

குடியை நிறுத்துவதற்காக சிகிச்சையில் இருப்பவர்களில் சிலருக்கு டாக்டர்கள் 'டைசல்பிராம்' என்ற மாத்திரை கொடுப்பது உண்டு. அது உடம்பில் இருக்கும்போது கொஞ்சம் ஆல்கஹால் உள்ளே போனாலும் முகம் சிவந்து, வாந்தி, தலைவலி, நெஞ்சு படபடப்பு வரும். சிலருக்கு ஆபத்தாகவும் முடியலாம். இவர்களுக்கு பீரில் வெந்த சாசேஜ், அந்த வெங்காயம் எதுவுமே கூடாது. மாத்திரையை நிறுத்தின பிறகும் 2 வாரம் வரை இந்த எச்சரிக்கை உண்டு.

மாத்திரை இல்லாமல் மன உறுதியால் குடியை விட்டவருக்கும் அந்த வாசமே பழைய ஞாபகத்தைக் கிளப்பிவிடும். ஒரு மனுஷன் கஷ்டப்பட்டு மாசக்கணக்கில் கட்டிக் காத்ததை ஒரு தட்டுக் கறியில் கெடுக்கக் கூடாது.

கர்ப்பிணிகள், குழந்தைகள், மத நம்பிக்கையால் மதுவைத் தொடாதவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். பீரில் பார்லி இருப்பதால், கோதுமை, பார்லி ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்காரர்களுக்கும் ஆகாது.

அதனால் சமைக்கிறவர் செய்ய வேண்டிய முதல் மரியாதை, 'இதில் பீர் ஊற்றி இருக்கிறது' என்று பரிமாறும் முன்பே சொல்லிவிடுவது. சாப்பிடப் போகிறவரும் கூச்சப்படாமல் கேட்டுவிடலாம். அமெரிக்காவில் வேலைக்குப் போன நம்ம ஊர்ப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் விருந்துக்குக் கூப்பிட்டாலும், என்ன கறி, எதில் வெந்தது என்று கேட்பதில் தப்பே இல்லை. அங்கே அப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வது இல்லை.

பீர் இல்லாமலும் முடியும்

பீர் வேண்டாம் என்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. கறி வேக வைத்த சாறு ஒரு பங்கு, ஆப்பிள் ஜூஸ் ஒரு பங்கு கலந்து, வெங்காயமும் வெண்ணெயும் போட்டு வேக வைத்தால் அந்த இனிப்பும் நிறமும் கிட்டத்தட்ட வந்துவிடும். வெறும் தண்ணீரில் வெங்காயம், மிளகு போட்டு வேக வைத்தாலும் கெட்டுப் போகாது.

கடைகளில் 'ஆல்கஹால் இல்லாத பீர்' என்று விற்கிறார்களே, அது சரியா என்றால், பெயரை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்காவில் 0.5 சதவீதத்துக்குள் ஆல்கஹால் இருந்தால் அப்படி எழுதி விற்க அனுமதி உண்டு. துளியும் கூடாது என்பவர்கள் '0.0' என்று எழுதி இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். டைசல்பிராம் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதையும் தொடக்கூடாது.

சாசேஜையே தினமும் தின்னலாமா என்றால், அதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-ல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணக்கு. ஆல்கஹாலும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. விஸ்கான்சின்காரர்களுக்கும் பிராட் என்பது விடுமுறை நாள் விருந்துதான். எப்போதாவது ஒரு நாள் என்றால் ஓ.கே.

ஆக மொத்தத்தில், பாத்திரத்துக்குள் போகும் பீர் லேசானதாக, கசப்பு குறைந்ததாக, வெயில் படாததாக இருந்தால் போதும். விலை முக்கியம் இல்லை. சூடு நிதானமாக இருக்க வேண்டும், நடுப்பகுதி நன்றாக வேக வேண்டும். இதை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, தட்டு நீட்டுகிறவரிடம் 'இதில் பீர் இருக்கு, உங்களுக்கு ஆகுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் விருந்து நல்லபடியாக முடியும்.